சிட்டையில் இருந்தால்தான் பேரேட்டில்: விக்கிப்பீடியாவுக்குப் புதிதாக வருகிறவர்கள் சான்று பழகும் வழி

காரைக்குடிப் பக்கம் விக்கிப்பீடியாவில் எழுத வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள். சொந்த ஊரின் பக்கத்தைத் திறப்பார்கள், அதில் அமைவிடம், மக்கள்தொகை என்று நாலு வரி கிடக்கும், மனசு கேட்காது. ஊருணி இல்லை, சிவன் கோயில் இல்லை, தெரு முழுக்க நிற்கிற வீடுகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. உடனே 'தொகு' என்பதை அழுத்தி, தெரிந்ததையெல்லாம் எழுதி ஏற்றிவிட்டுத் தூங்கப் போவார்கள். காலையில் பார்த்தால் பாதி காணாமல் போயிருக்கும், மீதியில் வரிக்கு வரி 'சான்று தேவை' என்று ஒட்டியிருக்கும். பலர் அதோடு திரும்பி வருவதே இல்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஊர்களைப் பற்றி எழுத அவர்களை விட்டால் வேறு ஆள் கிடையாது.

எனக்கும் அப்படித்தான் நடந்தது. எங்கள் ஊர் ஊருணியை வெட்டிய கதையை, ஐயா சொல்லக் கேட்டபடியே, யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது வரை எழுதியிருந்தேன். ஒருவர் அதை எடுத்துவிட்டு, கட்டுரையைப் பற்றிப் பேசிக்கொள்ள அதோடு இருக்கும் உரையாடல் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "இதற்கு நூல், நாளிதழ் ஏதாவது உண்டா?" எனக்குக் கடுமையான கோபம். ஐயா பொய் சொல்லக்கூடியவர் இல்லை, அவர் வாயிலிருந்து கேட்டதை யாரோ ஒருவர் எடுத்துப் போடுவதா என்று ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு நிதானமாக யோசித்தால், அவர் ஐயாவைச் சந்தேகப்படவே இல்லை. யாழ்ப்பாணத்திலோ கோலாலம்பூரிலோ இருந்து அந்தப் பக்கத்தைப் படிக்கிற ஒருவருக்கு 'இது சரிதானா' என்று தோன்றினால், தானே போய்ப் பார்த்துக்கொள்ள ஒரு வழி வேண்டும் என்கிறார். ஐயாவிடம் அவர்கள் வந்து கேட்க முடியாது. அவர் போய்ச் சேர்ந்தே பல வருடம் ஆகிறது.

கணக்குப்பிள்ளைக்குத் தெரிந்த விதிதான்

நம் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டமே இல்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன காலத்தில் கடையில் பெட்டியடிப் பையனாக (கடைநிலை ஊழியனாக)ச் சேர்ந்தவன் முதலில் பழகியது கணக்கு. அன்றன்றைக்கு நடந்தது சிட்டையில் ஏறும், சிட்டையிலிருந்து ஆள்வாரியாகத் தொகுக்கும் பெரிய கணக்கேடான பேரேட்டுக்குப் போகும், பிறகு வரவு, இருப்பு எல்லாம் கூட்டிப் பார்க்கும் ஐந்தொகை எடுப்பார்கள். பேரேட்டில் இருக்கிற தொகை சிட்டையில் இல்லை என்றால் மேலாள் கூப்பிட்டுக் கேட்பார். பையன் கையாடிவிட்டான் என்று அர்த்தமில்லை, எங்கிருந்து வந்தது என்று காட்டு, அவ்வளவுதான். விக்கிப்பீடியா பேரேடு. அதற்கான சிட்டை எப்போதும் வெளியே இருக்கிறது: அச்சான நூலில், நாளிதழில், ஆய்விதழில், அரசு ஆவணத்தில். நீங்கள் செய்யும் வேலை அங்கே இருப்பதை இங்கே ஏற்றுவது.

தமிழ் விக்கிப்பீடியா 2003ல் தொடங்கியது, இன்று ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டி நிற்கிறது, எழுதுகிற எல்லோரும் சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள். அங்கே இந்த விதிக்குப் பெயர் மெய்யறிதன்மை. படிப்பவர் சரிபார்த்துக்கொள்ள முடிய வேண்டும் என்பது அதன் சாரம். இதில் புதியவர்கள் கவனிக்காமல் விடுகிற ஒன்று உண்டு: சான்று காட்டும் பொறுப்பு சேர்த்தவருக்கு. 'தப்பு என்று நீ நிரூபி' என்று நீக்கியவரிடம் சண்டைக்குப் போகக் கூடாது, போனாலும் எடுபடாது.

இதோடு ஒட்டிப் பிறந்தது சொந்த ஆய்வு கூடாது என்ற விதி. இது சட்டென்று புரியாது, ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். பாரதியார் 1919ல் காரைக்குடிக்கு வந்தார், இந்து மதாபிமான சங்கத்தாரை வாழ்த்திப் பாடினார், அங்கே எடுத்த படமும் இருக்கிறது. இதற்குப் புத்தகத்தில் சான்று கிடைக்கும், தாராளமாக எழுதலாம். உங்கள் வீடு அதே தெருவில் 1912ல் கட்டியது என்பதற்கு ஒரு பத்திரம் இருக்கிறது என்று வையுங்கள். இந்த இரண்டையும் சேர்த்து 'பாரதியார் இந்த வீட்டைக் கடந்து சென்றார்' என்று எழுதினீர்கள் என்றால், தனித்தனியாக இரண்டும் சரி, சேர்த்துச் சொன்னது உங்கள் ஊகம். அந்த முடிவை வேறு யாராவது ஒரு ஆய்வாளர் ஏற்கெனவே சொல்லியிருந்தால் அவரைக் காட்டி எழுதலாம். நீங்களே முடிச்சுப் போடக் கூடாது. கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர்களுக்கும் இதே நிலைமைதான். கோயில் சுவரில் நீங்களே படித்தது எவ்வளவு சரியாக இருந்தாலும், அது அச்சில் வந்த பிறகுதான் விக்கிப்பீடியாவுக்கு வரலாம். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளிலோ 1929ல் வந்த புதுக்கோட்டை சமஸ்தானக் கல்வெட்டுத் தொகுப்பிலோ அந்தக் கல்வெட்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் வேலை முடிந்தது. (செட்டிநாட்டு ஊர்களில் ஒரு பகுதி இன்றைக்கும் புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் இருக்கிறது, அதனால் அந்தத் தொகுப்பை மறக்க வேண்டாம்.)

எல்லா வரிக்கும் சான்று வேண்டுமா என்று கேட்பார்கள். சென்னை தமிழ்நாட்டின் தலைநகரம் என்பதற்கு யாரும் கேட்க மாட்டார்கள். எண், ஆண்டு, ஒருவர் சொன்னதாக மேற்கோள் குறிக்குள் போடுவது, யாராவது மறுக்கக்கூடியது, இவற்றுக்குக் கட்டாயம் வேண்டும். அப்புறம் 'முதல்', 'ஒரே', 'மிகப் பெரிய', 'உலகப் புகழ்பெற்ற' என்கிற சொற்கள். நம் ஊர்களைப் பற்றி எழுதும்போது இவை கை தவறிக்கூட வந்து விழும். 'ஆசியாவிலேயே' என்று ஒரு வாக்கியம் தொடங்கினால் நான் எழுதுவதை நிறுத்திவிட்டு நூலகத்துக்குப் போய்விடுவேன்.

எது சான்று, எது சான்று போல இருப்பது

ஒரு சான்றைக் கையில் எடுத்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இதை எழுதியவர் யார், அவருக்கு இந்த விஷயம் தெரிந்திருக்க என்ன முகாந்திரம்? அச்சுக்குப் போகும் முன் வேறு ஒருவர் சரிபார்த்தாரா? எழுதியவருக்கு இதில் சொந்த லாபம் உண்டா? பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட ஆய்வு நூல் மூன்றிலும் தேறும். உதாரணமாக, செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் வணிகத்தைப் பற்றி டேவிட் ரட்னர் எழுதி 1994ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட நூல், அதை இணையத்திலேயே படிக்கலாம். நம்பகமான நாளிதழின் செய்தி பொதுவாகத் தேறும், ஆனால் அதே நாளிதழில் விளம்பரச் சிறப்பிதழாக வருவது தேறாது. முகநூல் பதிவு, வாட்ஸப்பில் சுற்றுவது, சொந்த வலைப்பூ, யூடியூபில் வீட்டைச் சுற்றிக் காட்டும் படம், இவை தேறாது. அந்தத் துறையில் ஏற்கெனவே பெயர் பெற்ற அறிஞர் ஒருவரின் வலைப்பூ மட்டும் சில நேரம் விலக்கு. இன்னொரு விக்கிப்பீடியாக் கட்டுரையும் சான்று ஆகாது, ஆங்கில விக்கிப்பீடியா என்றாலும் ஆகாது. அங்கே அடிக்குறிப்பில் இருக்கும் நூலைத் தேடிப்பிடித்து நீங்கள் படித்தால் அந்த நூல் சான்று.

சான்று தமிழில்தான் இருக்க வேண்டும் என்றில்லை, ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருந்தாலும் சரி. இணையத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, அலமாரியில் தூசி படிந்த 1950களின் புத்தகமும் நல்ல சான்றுதான், யாராவது ஒரு நூலகத்தில் போய்ப் பார்க்க முடிகிற வரைக்கும். இது தெரியாமல் கூகுளில் வராததெல்லாம் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். நமக்குத்தான் அதில் நஷ்டம், ஏனென்றால் செட்டிநாட்டைப் பற்றிய நல்ல எழுத்தில் பெரும்பகுதி இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது.

இனி மலர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நம் பகுதியில் இது தனிச் சமாச்சாரம். கும்பாபிஷேக மலர், பள்ளி நூற்றாண்டு மலர், மணிவிழா மலர், சங்கத்தின் பொன்விழா மலர் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கட்டு இருக்கும். வழுவழுப்பான தாளில் அச்சடித்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தவை. இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதும் தப்பு, குப்பை என்று ஒதுக்குவதும் தப்பு. மலர் என்பது விழா நடத்துகிறவர்களே வெளியிட்டது, அதனால் விழா நாயகரைப் பற்றிய புகழுரைக்கு அது சான்றே ஆகாது. ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொன்னதற்குச் சமம் அது. ஆனால் கும்பாபிஷேகம் எந்த நாளில் நடந்தது, பள்ளியில் எந்த ஆண்டு உயர்நிலை வகுப்பு தொடங்கியது என்பது போன்ற, யாரும் மறுக்காத சாதாரண விவரத்துக்கு, 'மலர் கூறுகிறது' என்று தெரியும்படி பயன்படுத்தலாம். அந்த மலருக்குள்ளேயே ஒரு தொல்லியல் அறிஞரோ வரலாற்றுப் பேராசிரியரோ கோயிலைப் பற்றிக் கட்டுரை எழுதியிருப்பார், பல மலர்களில் அப்படி இருக்கும். அந்தக் கட்டுரையின் மதிப்பு அவருடைய பெயரோடு போகும், மலரோடு போகாது. அப்போது கட்டுரை ஆசிரியர், கட்டுரைத் தலைப்பு, மலரின் பெயர், வெளியிட்டவர், ஆண்டு, பக்கம் என்று முழுசாகக் கொடுங்கள். ஆட்சேபம் வந்தால் உரையாடல் பக்கத்தில் இதைச் சொல்லலாம், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

தல வரலாறும் ஏறக்குறைய இப்படித்தான். கோயில் வாசலில் விற்கிற சிறு புத்தகத்தில் இருப்பதை வரலாறு என்று எழுதக் கூடாது, 'தலபுராணத்தின்படி' என்று தொடங்கி எழுதினால் அது கதைக்குச் சான்றாக இருக்கும், காலத்துக்குச் சான்றாக இருக்காது. பிள்ளையார்பட்டியைப் பாருங்கள். குடைவரைக் கோயில் அது, எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து கிடையாது. ஆனால் சுற்றுலாத் தளங்களில் 1600 ஆண்டுப் பழமை என்று ஒரே எண் திரும்பத் திரும்ப வரும், ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதால். நூறு தளத்தில் இருந்தாலும் அது ஒரே சான்றுதான், அதுவும் எங்கிருந்து வந்தது என்று தெரியாத சான்று. இப்படிப்பட்ட இடத்தில், எந்த அறிஞர் எந்தக் காலம் என்கிறார், எதைக் கொண்டு சொல்கிறார் என்று பெயரோடு இரண்டு கருத்தையும் வைப்பதுதான் விக்கிப்பீடியா கேட்கிற நடுநிலை நோக்கு. உங்களுக்குப் பிடித்த காலத்தை மட்டும் வைப்பது இல்லை.

இன்னொரு பொறி இருக்கிறது, அதில் நல்ல எழுத்தாளர்களே விழுகிறார்கள். விக்கிப்பீடியாவில் ஒருவர் சான்றில்லாமல் ஒரு வரி எழுதுவார், நிருபர் ஒருவர் அவசரத்தில் அதை எடுத்துச் செய்தியில் போடுவார், பிறகு அந்தச் செய்தியே விக்கிப்பீடியாவில் அந்த வரிக்குச் சான்றாக ஏறும். வட்டம் முடிந்தது, பொய் மெய்யாகிவிட்டது. அதனால் செய்தியின் நாளையும், 'வரலாற்றைக் காட்டவும்' என்ற பகுதியில் அந்த வரி எப்போது சேர்ந்தது என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வரி முந்தியது, செய்தி பிந்தியது, வாக்கியமும் ஒரே மாதிரி இருக்கிறது என்றால் அந்தச் சான்றைத் தொடாதீர்கள்.

எண்கள் மோதினால்

செட்டிநாட்டில் எத்தனை ஊர்? 96 என்று வழிவழியாகச் சொல்வார்கள். இன்றைய கணக்கு என்று 75 சொல்பவர் உண்டு, 76 சொல்பவர் உண்டு, 78 சொல்பவரும் உண்டு. 2014ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலுக்குக் கொடுத்த குறிப்பில் 73 சிற்றூர்களும் 2 நகரங்களும் என்று இருக்கிறது. புதியவர் ஒருவர் வந்து 78ஐ 96 ஆக மாற்றுவார், அடுத்தவர் வந்து 75 ஆக்குவார், இப்படியே போய்க்கொண்டிருக்கும். எந்த எண் சரி என்று தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலை இல்லை. எந்த எண் யாருடையது, எந்தக் காலத்தைப் பற்றியது என்று எழுதுங்கள். சண்டை அங்கேயே பாதி அடங்கிவிடும்.

சில மோதல்கள் மோதலே இல்லை. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் எந்த ஆண்டு தொடங்கியது என்று தேடினால் 1948 என்றும் வரும், 1953 என்றும் வரும். 1948 ஜூலை 25ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரி 14ல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். இரண்டும் சரி. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் இங்கே வந்த நிறுவனம் அது. நிலம் கொடுத்தது, அடிக்கல் நாட்டியது, திறந்தது என்று மூன்றையும் தனித்தனி வாக்கியமாக வைத்து ஒவ்வொன்றுக்கும் சான்று போட்டால் படிப்பவருக்கு நடந்தது தெளிவாகத் தெரியும். ஒரே வாக்கியத்தில் மூன்றையும் திணித்துக் கடைசியில் ஒரு சான்று போட்டால், அந்தச் சான்று எந்தப் பகுதிக்கு என்று யாருக்கும் தெரியாது.

வீடுகளைப் பற்றி எழுதுபவர்கள் இதைக் கூடுதலாகக் கவனியுங்கள். பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு, இந்த நாலும் இல்லாத செட்டிநாட்டுக் கட்டுரையை நான் பார்த்ததில்லை. பொதுவாக இப்படிப் பொருள்கள் வந்தன என்பதற்குக் கட்டடக்கலை ஆய்வுகளில் சான்று கிடைக்கும். ஆனால் 'இன்ன ஊரில் இன்ன வீட்டில் இருப்பது இத்தாலியப் பளிங்கு' என்று ஒரு குறிப்பிட்ட வீட்டைச் சொன்னால், அந்த வீட்டைப் பற்றிய சான்று வேண்டும். அந்த வீட்டை விடுதியாக நடத்துகிறவர்களின் இணையதளம் அதற்குப் போதாது, அறை வாடகைக்கு விடுவது அவர்கள் தொழில்.

எங்கே தேடுவது

கையில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். கிளை நூலகத்தில் உள்ளூர் வரலாறு என்று ஒரு அலமாரி இருக்கும், இல்லையென்றாலும் நூலகரிடம் கேட்டால் எங்கேயாவது எடுத்துக் கொடுப்பார். அழகப்பா பல்கலைக்கழக நூலகத்துக்குப் போக முடிந்தால் ஆய்வேடுகளைப் பாருங்கள். முனைவர் பட்ட ஆய்வேடுகள் பல இப்போது சோத்கங்கா என்ற இந்திய ஆய்வேட்டுத் தளத்திலேயே இருக்கின்றன, ஆனால் ஆய்வேட்டுக்கு ஆய்வேடு தரம் மாறும், அதில் அடிக்குறிப்பில் வரும் மூல நூலைத் தேடிப் பிடிப்பது அதைவிட நல்லது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் படமாகவே கிடைக்கின்றன. விக்கிப்பீடியாவின் சகோதரத் தளமான தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமை ஆன நூல்கள் பல எழுத்து வடிவிலேயே இருக்கின்றன.

இதழ்கள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1920களில் காரைக்குடி ஒரு பத்திரிகை ஊர். ராய. சொக்கலிங்கத்தின் 'ஊழியன்', சொ. முருகப்பாவின் 'குமரன்' எல்லாம் இங்கிருந்துதான் வந்தன. அந்தக் காலத்துச் சமூகச் சீர்திருத்தம், திருமணச் செலவு பற்றிய வாதங்கள், வெளிநாட்டு வணிகம் பற்றி எழுத அவற்றை விட நேரடியான சாட்சி வேறு இல்லை. நேரடிச் சாட்சி என்பதாலேயே கவனமாகக் கையாள வேண்டும்: அன்றைக்கு அவர்கள் அப்படி எழுதினார்கள் என்பதற்கு அது சான்று, அவர்கள் சொன்னதெல்லாம் நடந்தது என்பதற்கு அது மட்டும் போதாது.

பழைய இதழ்களும் துண்டு வெளியீடுகளும் இன்றைக்கு எங்கே கிடைக்கும் என்றால், பதில் கோட்டையூரிலிருந்து கிளம்புகிறது. அங்கே விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்க நூல்களையும் இதழ்களையும் நாடக நோட்டீஸ்களையும் அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்தார். 1992ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது, அதைக் கொண்டு 1994ல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் அமைந்தது, இப்போது தரமணியில் இருக்கிறது. நம் பக்கத்து ஆள் ஒருவர் தாளைக் குப்பையில் போடாமல் எடுத்து வைத்ததால்தான் இன்றைக்கு உலகம் முழுக்க ஆய்வாளர்கள் பக்க எண் போட்டு எழுத முடிகிறது. உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் கட்டை எடைக்குப் போடும் முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

எழுதும் வரிசை

இது என் வழி, வேறு வழியிலும் செய்யலாம். கட்டுரையைத் திறக்கும் முன் சான்றைத் திறந்து வைப்பேன். நூலைப் படித்து, மூடி வைத்து, என் சொல்லில் ஒரு வாக்கியம் எழுதுவேன், பிறகு திறந்து அர்த்தம் மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பேன். அப்படியே பார்த்து எழுதினால் பதிப்புரிமை மீறல், சான்று கொடுத்தாலும் மீறல்தான். வாக்கியம் முடிந்ததும், அடுத்த வாக்கியத்துக்குப் போகும் முன்பே, சான்றைச் சேர்த்துவிட வேண்டும். 'எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் சான்று போட்டுக்கொள்ளலாம்' என்றால் எந்த வரி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று இரண்டு நாளில் மறந்துவிடும்.

தொகுக்கும் பெட்டியின் மேல்பட்டையில் மேற்கோள் குறி போட்ட பொத்தான் இருக்கும். இணைய முகவரியை அதில் ஒட்டினால் தலைப்பு, நாள், தளத்தின் பெயரைத் தானாக நிரப்பப் பார்க்கும். தமிழ்த் தளங்களுக்கு இது அடிக்கடி தப்பாக நிரப்பும், ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பத்திரிகைப் பெயர் வந்து உட்காரும், அதனால் ஒவ்வொரு கட்டத்தையும் கண்ணால் பார்த்துத் திருத்துங்கள். நூல் என்றால் ஆசிரியர், நூலின் பெயர், பதிப்பகம், ஊர், ஆண்டு, பக்கம். பக்கம் இல்லாத நூல் சான்று, வீட்டு எண் இல்லாத முகவரி மாதிரி, 400 பக்கத்தில் எங்கே போய்த் தேடுவது? இணையச் செய்தி என்றால், இணையப் பக்கங்களின் நகலைக் காத்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அந்தப் பக்கத்தைச் சேமித்து அந்த முகவரியையும் சேர்த்துப் போடுங்கள். நாளிதழ்கள் தளத்தை மாற்றி அமைத்தால் பழைய முகவரிகள் செத்துப்போகும், உங்கள் சான்றும் கூடவே போகும். முதல் சில தடவை இதையெல்லாம் மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தில் செய்து பார்த்துவிட்டுக் கட்டுரைக்கு வாருங்கள், அங்கே என்ன தப்பு செய்தாலும் யாருக்கும் பாதிப்பில்லை.

போன மாதம் ஒரு கல்லூரி மாணவர் என்னிடம் வந்தார். ஆத்தங்குடி பற்றிப் பெரிய கட்டுரை, 22 சான்று.

"இதையெல்லாம் எங்க தம்பி புடிச்சீங்க?"

"ஏஐ கிட்ட கேட்டேண்ணே, அதுவே நூல் பேர், பக்கம் எல்லாம் குடுத்துச்சு."

உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடினோம். பாதிக்கு மேல் அப்படி ஒரு நூலே இல்லை. ஆசிரியர் பெயர் நிஜம், பதிப்பகம் நிஜம், அவர் அப்படி ஒரு நூல் எழுதவில்லை. அந்தப் பையன் ஏமாற்ற நினைக்கவில்லை, அதனால்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் கண்ணால் பார்க்காத நூலைச் சான்றாகப் போடவே போடாதீர்கள், யார் கொடுத்தாலும் சரி. அன்றைக்கு அவர் மிச்சமிருந்த சான்றுகளை மட்டும் வைத்துக்கொண்டு கட்டுரையை மூன்று பத்தியாகச் சுருக்கினார். அந்த மூன்று பத்தியை இதுவரை யாரும் தொடவில்லை.

ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்க்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அங்கிருக்கும் சான்றுகளை அப்படியே இழுத்து வராமல், திறக்க முடிந்தவற்றைத் திறந்து பாருங்கள், அந்த வரியை அது உண்மையிலேயே சொல்கிறதா என்று. பிறகு, சேமிக்கும்போது என்ன செய்தீர்கள் என்று எழுதும் தொகுப்புச் சுருக்கத்தில் எந்தக் கட்டுரையிலிருந்து மொழிபெயர்த்தீர்கள் என்று குறிப்பிட வேண்டும், விக்கிப்பீடியாவின் உரிமத்தின்படி அது கட்டாயம்.

சொந்தக்காரர்கள், உயிரோடு இருப்பவர்கள்

அப்பச்சியைப் பற்றியோ, மாமாவின் கடையைப் பற்றியோ, நீங்கள் வேலை பார்க்கும் கல்லூரியைப் பற்றியோ நீங்களே கட்டுரை எழுத வேண்டாம். அவர்கள் தகுதியானவர்கள் என்றால் அவர்களோடு சம்பந்தமில்லாத நூல்களும் செய்திகளும் அவர்களைப் பற்றி விரிவாகவே பேசியிருக்கும். அதைத்தான் குறிப்பிடத்தக்கமை என்கிறார்கள். பேட்டி அதில் சேராது, அவரே பேசியது அது. இரங்கல் விளம்பரமும் சேராது. எழுதியே ஆக வேண்டும் என்றால் உரையாடல் பக்கத்தில் உறவைச் சொல்லிவிட்டு, சான்றுகளை அங்கே வைத்து, வேறு ஒருவரை எழுதச் சொல்லுங்கள்.

உயிரோடு இருப்பவரைப் பற்றி வழக்கு, சொத்து, குடும்பம் சம்பந்தமாக ஒரு வரி எழுதினாலும் உறுதியான சான்று வேண்டும். சான்று இல்லாத வரியை யார் வேண்டுமானாலும் அந்த நிமிடமே நீக்கலாம், நீங்களும் நீக்கலாம், கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

நீக்கிவிட்டால்

திரும்பவும் ஏற்றாதீர்கள். முதலில் வரலாற்றில் தொகுப்புச் சுருக்கத்தைப் படியுங்கள், காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். பிறகு உரையாடல் பக்கத்தில் கேளுங்கள்: இந்த வரிக்கு இந்த நூல் போதுமா, வேறு எந்த மாதிரி வேண்டும் என்று. சான்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவரிடம் கோபமாகப் பேசிய மூத்த பயனரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். பதில் வரவில்லை என்றால் ஒத்தாசைப் பக்கம் இருக்கிறது, எல்லோரும் கூடிப் பேச ஆலமரத்தடி இருக்கிறது.

என் ஊருணிப் பத்தி இன்றைக்கும் முழுசாகத் திரும்பவில்லை. கரையில் இருக்கும் கல்வெட்டைப் படம் எடுத்து, விக்கிப்பீடியாக்களுக்கான படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினேன், ஊர்க் கட்டுரையில் அந்தப் படம் இருக்கிறது. நூலகத்தில் ஒரு பழைய பள்ளி மலரில் ஊருணி வெட்டிய ஆண்டு கிடைத்தது, அதை மலர் சொல்வதாகவே எழுதி ஒரு வரி சேர்த்தேன். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்கிற ஐயாவின் கணக்கு எங்கும் அச்சாகவில்லை. அதை ஒரு நோட்டில், அவர் சொன்ன நாள், யார் யார் கூட இருந்தார்கள் என்பதோடு எழுதி வைத்திருக்கிறேன். உள்ளூர் வரலாறு எழுதும் பேராசிரியர் ஒருவரிடம் அதன் நகல் போயிருக்கிறது, அவர் மற்ற ஊர்களின் கதைகளோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் ஏற்று எழுதி, அது நூலாக வந்தால், பக்க எண்ணோடு நானோ வேறு யாரோ சேர்ப்போம்.

உங்களுக்கு இந்த வார வேலை ஒன்று. உங்கள் ஊரின் பக்கத்தைத் திறங்கள், புதிதாக எதுவும் எழுத வேண்டாம். 'சான்று தேவை' என்று ஒட்டியிருக்கும் ஒரே ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, நூலகத்துக்குப் போய், அதற்கு ஒரு நூலும் பக்கமும் கண்டுபிடியுங்கள். கிடைத்தால் போடுங்கள். அந்த வரிக்குச் சான்று கிடைக்காமல், நூல் வேறு மாதிரி சொல்கிறது என்றால், நூல் சொல்வது போல வரியைத் திருத்திவிட்டு, ஏன் திருத்தினீர்கள் என்று சுருக்கத்தில் எழுதுங்கள்.